எந்த முடிவை இந்த வரைபடம் தாங்கும்?

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் கயோ கோஸ்டா என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயல் அங்கேதான் கரையைக் கடந்தது. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயலும் அதே தீவில்தான் கரையைக் கடந்தது. இரண்டு முறையும் முந்தைய நாட்களில் வெளியான வரைபடங்களில் புயல் பாதையின் நடுக்கோடு வடக்கே டாம்பா வட்டாரத்தைக் குறிவைத்திருந்தது. தெற்கே இருந்தவர்களில் பலர், கோடு தங்கள் ஊரைத் தொடவில்லை என்று பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அந்த ஊர்களோ, கோட்டைச் சுற்றி வரைந்திருந்த கூம்புக்குள்ளோ அதன் விளிம்பிலோதான் இருந்தன. இயன் வந்தபோது லீ கவுண்டி நிர்வாகம் மக்களை வெளியேறச் சொன்னது செப்டம்பர் 27 காலையில்தான். பக்கத்துக் கவுண்டிகள் சில அதற்கு முந்தைய நாளே சொல்லிவிட்டன. அந்தப் புயலின் நேரடி மரணங்களில் பெரும்பங்கு கடல்நீர் உட்புகுந்ததால் நேர்ந்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை லீ கவுண்டியில்.

புவியியல் அமைப்பும் இதில் சேர்ந்துகொண்டது. அந்தக் கரை ஏறக்குறைய தெற்கு வடக்காக நீள்கிறது. புயலும் தெற்கிலிருந்து வடக்காக, கரைக்கு இணையாக ஏறி வருகிறது. இப்படி வரும் புயல் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பினாலே கரை கடக்கும் இடம் நூறு கிலோமீட்டர் தள்ளிப்போகும். பாதைக் கணிப்பில் பிழை சிறியது. ஊரின் தலைவிதியில் அது ஏற்படுத்திய மாற்றம் மிகப் பெரியது. வரைபடத்தில் நிச்சயமின்மையை எப்படிக் காட்டுவது என்ற கேள்வியின் முழுக் கனமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கணிப்பில் எவ்வளவு பிழை வரும் என்று சொல்வதோடு வேலை முடிவதில்லை. அந்தப் பிழை யாருடைய முடிவை எப்படிப் புரட்டிப்போடும் என்பதை வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தெரியவைக்க வேண்டும்.

அந்தக் கூம்பை அமெரிக்கத் தேசியப் புயல் மையம் 2002 முதல் வரைந்து வருகிறது. அது எப்படி உருவாகிறது என்பது பலருக்குத் தெரியாது. 12 மணி நேரம், 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று ஒவ்வொரு கணிப்பு நேரத்துக்கும் ஒரு வட்டம் போடுகிறார்கள். கடந்த 5 ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும் அளவுக்கு அந்த வட்டத்தின் ஆரம் இருக்கும். வட்டங்களை இணைத்தால் கூம்பு. ஆகவே கூம்பின் அகலத்துக்கும் இப்போது வந்துகொண்டிருக்கும் புயலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பழைய புயல்களில் நேர்ந்த பிழையின் அளவு அது. புயலின் மையம் கூம்பைத் தாண்டிப்போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு அந்த வரையறையிலேயே இருக்கிறது. காற்று எவ்வளவு தூரம் வீசும், மழை எங்கே கொட்டும், கடல் எங்கே ஏறும் என்பவற்றுக்கு அதில் இடமே இல்லை.

கென்னத் பிராட் என்பவரும் அவரது சகாக்களும் 2004 பருவத்துக்குப் பிறகு எழுதிய ஆய்வு, மக்கள் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு கூம்பை விட்டுவிட்டதை விரிவாகப் பதிவு செய்தது. லேஸ் பாடிலா குழுவினர் பின்னர் செய்த சோதனைகளில் இன்னொன்று வெளிப்பட்டது. கூம்பு போகப் போக அகலமாவதைப் பார்த்தவர்கள், புயல் போகப் போகப் பெரிதாகிறது என்று நினைத்தார்கள். சரி, கூம்பை எடுத்துவிட்டுப் பல கணிப்புப் பாதைகளைத் தனித்தனிக் கோடுகளாக வரைந்து காட்டினால்? அந்தத் தவறான எண்ணம் குறைந்தது. ஆனால் ஏதோ ஒரு கோடு தாங்கள் பார்க்கும் புள்ளியின் மேல் நேராகப் போனால், அந்த இடத்துக்கு ஆபத்து மிக அதிகம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு படத்தின் குறையை நீக்கப் போய் அடுத்த படம் தன் குறையைக் கொண்டுவருகிறது. இத்துறையில் முப்பது ஆண்டு ஆராய்ச்சியின் போக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் இதே கூம்புதான். 2009 டிசம்பரில் வலுவிழந்து திருகோணமலைக்கு அருகே கரையேறிய வார்டு புயலின்போது இந்திய வானிலை ஆய்வுத் துறை முதன்முதலாகப் பாதைக் கணிப்போடு கூம்பையும் சேர்த்து வெளியிட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியும் விழுப்புரமும் மிதந்தன. பிறகு அதன் எச்சம் உள்நாட்டுக்கு நகர்ந்து, கடலைக் கண்ணால் காணாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. மையம் எங்கே போகும் என்று சொல்லும் படத்தை வைத்துக்கொண்டு, வெள்ளம் எங்கே வரும் என்று முடிவெடுக்க முடியாது. அதற்கு வேறு படம் வேண்டும். எந்த வரைபடமானாலும் நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான்: எந்த முடிவை இது தாங்கும், எதைத் தாங்காது? அதை வரைபடமே சொல்ல வேண்டும்.

புயல் நாலு நாளில் போய்விடும். திட்டமிடலுக்கான வரைபடங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் நிற்கும். வீடு எங்கே கட்டலாம், மருத்துவமனை எங்கே வரலாம், காப்பீடு யார் எடுக்க வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கின்றன. சட்டத்துக்குக் கோடு வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் அனுமதி, அந்தப் பக்கம் இல்லை. அமெரிக்காவின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் எல்லையைக் கோடாக வரைகிறது. பேச்சு வழக்கில் அது ‘நூறாண்டு வெள்ளம்’. பெயரைக் கேட்டவர் நூறு ஆண்டுக்கு ஒரு முறைதானே என்று நிம்மதியாகிவிடுகிறார். 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அந்த வெள்ளம் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். நாலில் ஒன்றுக்கும் மேல்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டன் மேல் நின்று பெய்தபோது, அந்நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் சுமார் 1,54,000 வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததாக அங்குள்ள வெள்ளக் கட்டுப்பாட்டு அமைப்பு மதிப்பிட்டது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தவை. கோட்டுக்கு வெளியே என்றால் பாதுகாப்பு என்று படித்தவர்கள்மேல் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. அப்படிப் படிக்கும்படிதான் கோடு வரையப்பட்டிருந்தது. அந்தக் கோட்டுக்குள் எத்தனை அனுமானங்கள் புதைந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: எத்தனை ஆண்டு மழைப் பதிவு, எந்த ஆண்டின் நில உயரம், கால்வாயில் அடைப்பு இல்லை என்ற எண்ணம், மேலே புதிதாக முளைத்த கான்கிரீட் கணக்கில் வந்ததா இல்லையா. ஒவ்வொன்றும் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தும். வரைபடத்தில் விடுபட்ட அந்த நகர்வுகள் எல்லாம் கோட்டின் ஓரத்தில் குடியிருப்பவர் தலையில் விடிகின்றன.

நில உயரத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் வெள்ள வரைபடங்கள் அத்தனைக்கும் அதுதான் அடித்தளம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ராடார் மூலம் நிலத்தின் உயரத்தை அளந்தது. உலகில் பெரும்பாலான ஏழை நாடுகளுக்கு நெடுங்காலம் கைக்கு எட்டிய உயரத் தரவு அதிலிருந்து வந்ததுதான். அந்த ராடார் மண்ணை மட்டும் பார்க்கவில்லை. தென்னந்தோப்பின் உச்சியையும் மாடி வீட்டின் தளத்தையும் சேர்த்தே பார்த்தது. ஆகவே கரையோர நிலம் உண்மையைவிட உயரமாகப் பதிவானது. சராசரியாக ஏறத்தாழ 2 மீட்டர். 2019இல் ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் இருவரும் இந்தச் சாய்வைத் திருத்திப் பார்த்தார்கள். பழைய தரவின்படி இன்றைய உச்ச அலைமட்டத்துக்குக் கீழே உள்ள நிலத்தில் வாழ்பவர்கள் 2.8 கோடிப் பேர். திருத்திய பிறகு 11 கோடி. கடல் ஒரு அங்குலம்கூட உயரவில்லை. மாறியது தரை உயரக் கணக்கு மட்டும்தான்.

ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிக்சல் என்கிறோமே, அதில் ஒன்று. வரைபடம் அதன் உயரம் 2.5 மீட்டர் என்கிறது. நீர்மட்டம் 2 மீட்டருக்கு ஏறும் என்று வைத்துக்கொண்டால், சாதாரண வரைபடம் அந்தக் கட்டத்தை வெள்ளையாக விட்டுவிடும், ‘நனையாது’ என்று. உயர அளவீட்டின் திட்டப் பிழை 4 மீட்டராக இருந்தால், அந்த இடம் உண்மையில் 2 மீட்டருக்குக் கீழே இருக்க 45 சதவீத வாய்ப்பு உண்டு. காசு சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. திட்டப் பிழை அரை மீட்டர் என்றால் 16 சதவீதம். விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்து பிழை 15 சென்டிமீட்டராகக் குறைந்தால், ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. மூன்று வரைபடங்களிலும் அந்தக் கட்டத்தின் நிறம் ஒன்றே. அந்த நிறத்தை நம்பி ஒரு ஆரம்பச் சுகாதார நிலையம் கட்டலாமா என்ற கேள்விக்கோ மூன்று வெவ்வேறு பதில்கள்.

அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் கடல்மட்ட உயர்வைக் காட்டும் இணைய வரைபடத்தில் இதற்கு ஒரு நேர்மையான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நீர் எட்டும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் நீலம். எட்டாது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் நிறமில்லாமல். இரண்டுக்கும் நடுவே, தங்கள் தரவை வைத்து எதுவும் சொல்ல முடியாத இடம் ஆரஞ்சு. மூன்றே நிறம். புள்ளிவிவரம் தெரியாத ஊராட்சித் தலைவர்கூட ஆரஞ்சைப் பார்த்ததும், இங்கே கட்டுவதற்கு முன் ஆளை விட்டு அளக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். நான் பார்த்த தீர்வுகளில் திட்டமிடலுக்கு மிகவும் உதவக்கூடியது இது. நிச்சயமின்மை ஒரு எண்ணாக நிற்காமல், அடுத்து என்ன வேலை செய்ய வேண்டும் என்பதாகவே மாறிவிடுகிறது.

வரைகலை இலக்கணத்தைப் பொறுத்தவரை, பிரெஞ்சு வரைபடவியலாளர் ழாக் பெர்த்தான் 1967இல் அளவு, வடிவம், நிறம், அடர்த்தி என்று வரைபடக் குறிகளின் மாறிகளை வகுத்துக் கொடுத்தார். 1990களின் தொடக்கத்தில் ஆலன் மக்ஈக்ரன் அந்தப் பட்டியலில் தெளிவு, மங்கல் என்பதையும் சேர்த்து, தெரியாததை மங்கலாக வரையலாம் என்றார். தெரியாத இடத்தில் நிறத்தை வெளிறவைக்கலாம் என்ற யோசனையும் கூடவே பரவியது. 2012இல் அவரே சகாக்களோடு சோதித்தபோது, மங்கலான விளிம்பை மக்கள் உடனே ‘சரியாகத் தெரியவில்லை’ என்று புரிந்துகொண்டார்கள். நிறச் செறிவைக் குறைத்தது எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. வல்லுநர்களுக்கு இயல்பாகத் தோன்றிய வழி பார்ப்பவருக்கு அப்படித் தோன்றவில்லை. மைக்கேல் கோரெல், டொமினிக் மோரிட்ஸ், ஜெஃப்ரி ஹீர் ஆகியோர் 2018இல் முன்வைத்த நிறவரிசை இன்னும் கூர்மையானது. தரவு உறுதியாக உள்ள இடத்தில் பல நிறங்கள். உறுதி குறையக் குறைய நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் ஒரே சாம்பல். வேறுபாடு சொல்ல முடியாத இடத்தில் வேறுபாட்டைக் கண்ணுக்கே காட்டாமல் விடுகிறார்கள். எச்சரிக்கையோடு முடிவெடுக்க வேண்டிய அதிகாரிக்கு இது நல்ல தடுப்பு.

குறியீடுகளில் ஒழுங்கின்மையும் தொல்லை தருகிறது. பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2007 அறிக்கையில், 90 சதவீதத்துக்கு மேற்பட்ட காலநிலை மாதிரிகள் ஒத்துப்போன இடத்தில் புள்ளிகள் இட்டார்கள். ஒப்புதல் 66 சதவீதத்துக்குக் கீழே போன இடத்தை வெள்ளையாக விட்டார்கள். பின்வந்த அறிக்கைகளில் சாய்கோடுகள் வந்தன. அங்கே கோடு போட்ட இடம்தான் உறுதி குறைந்த இடம். ஒரு படத்தில் மேலே இட்ட குறி ‘நம்பலாம்’ என்கிறது, இன்னொன்றில் ‘நம்பாதே’ என்கிறது. கீழே சின்ன எழுத்தில் இருக்கும் விளக்கத்தைப் படிக்காமல் ஒரு மாநிலத்தின் நீர்ப்பாசனத் திட்டத்துக்குள் அந்தப் படம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்?

நிச்சயமின்மையைக் காட்டினால் மக்கள் குழம்பிப்போவார்கள், அதிகாரிகள் முடிவெடுக்க மாட்டார்கள் என்று ஒரு வாதம் எப்போதும் எழுகிறது. மைக்கேல் லைட்னர், பார்பரா பட்டன்ஃபீல்ட் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சோதனை வழியாகப் பதில் தேடியது. ஈரநிலம் சார்ந்த இடத்தேர்வுப் பணியைக் கொடுத்து, உறுதித்தன்மை காட்டிய வரைபடமும் காட்டாத வரைபடமும் முடிவுகளை எப்படி மாற்றுகின்றன என்று பார்த்தார்கள். கூடுதல் தகவல் சுமையாகவில்லை. தெளிவாக வரைந்தபோது அது உதவியது. வேறொரு சோதனையில் சூசன்னா ஹோப், கேரி ஹன்டர் ஆகியோர் கண்டது வேறு கோணம். விமான நிலையத்துக்கு இடம் தேடச் சொன்னபோது, உறுதியில்லை என்று காட்டிய நிலப்பகுதிகளைப் பலர் காரணம் பார்க்காமலே ஒதுக்கினார்கள். கணக்குப்படி சரியான இடமும் அதில் அடிபட்டுப்போகலாம். ‘தெரியவில்லை’ என்ற நிறம் சில கண்களுக்கு ‘ஆபத்து’ என்ற நிறமாகிவிடுகிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் மறைப்பதற்கு அது காரணமாக முடியாது.

மறைத்ததால் என்ன ஆயிற்று என்பதற்கு வடக்கு டகோடாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் சாட்சி. 1997 வசந்தத்தில் ரெட் ஆற்றில் பனி உருகி வெள்ளம் வரும் என்று தேசிய வானிலைச் சேவை வாரக்கணக்கில் முன்பே சொல்லியது. உச்ச மட்டம் 49 அடி. அதற்கு மேல் சில அடிகள் சேர்த்து மக்கள் இரவு பகலாக மணல் மூட்டை அடுக்கினார்கள். ஆறு 54 அடிக்கு ஏறியது. நகரம் ஏறக்குறைய முழுவதும் காலியானது. வெள்ளத்துக்கு நடுவே நகர மையத்தில் தீப்பிடித்துப் பதினோரு கட்டடங்கள் எரிந்தன. ரோஜர் பீல்கி இளையவர் பின்னர் ஆராய்ந்தபோது தெரிந்தது: அத்தகைய கணிப்புகளில் கடந்தகாலச் சராசரிப் பிழை ஏறத்தாழ 10 சதவீதம். 49 அடியில் 10 சதவீதம் சுமார் 5 அடி. நடந்ததும் 5 அடிதான். அசாதாரணமான தவறு எதுவும் அங்கே நேரவில்லை. வழக்கமான பிழைதான் நேர்ந்தது. அந்தப் பிழையின் அளவைக் கரை கட்டியவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எவ்வளவு உயரத்துக்கு அடுக்குவது என்ற முடிவை ஊரே உட்கார்ந்து எடுத்திருக்கும்.

நம் நாட்டில் நிலநடுக்க மண்டல வரைபடத்தின் கதை இதைவிடத் துயரமானது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரத்தில் ஏறத்தாழ 10,000 பேர் இடிபாடுகளில் இறந்தார்கள். அன்றைய இந்தியத் தர வரைபடத்தில் அந்த இடம் மண்டலம் 1. ஆபத்து மிகக் குறைந்த இடம். 2002 திருத்தத்தில் மண்டலம் 1 என்பதே எடுக்கப்பட்டு மண்டலம் 2இல் சேர்க்கப்பட்டது. சென்னை 2இலிருந்து 3க்கு உயர்ந்தது. பதிவுகள் உள்ள ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் எதுவும் நடக்கவில்லை என்பதற்கும், அங்கே நடக்காது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த வரைபடத்தில் எந்த நிறமும் சொல்லவில்லை. ‘ஆபத்து குறைவு’, ‘தகவல் குறைவு’ இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன. வரைபடம் வரைகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

சில வேளைகளில் வரைபடமே தோற்றுப்போகிறது. வங்காளதேசத்தின் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது தெரியவந்த பிறகு, பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகமும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 3,534 கிணறுகளைச் சோதித்து, 2001இல் நாடு தழுவிய வரைபடங்களை வெளியிட்டன. சோதித்த புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடங்களை இடைக்கணிப்பு முறையில் நிரப்பி, வழுவழுப்பான நிறப் பரப்பாக்கினார்கள். தென்கிழக்கில் அடர் நிறம், வடமேற்கில் வெளிர் நிறம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் வான் ஹீன் குழுவினர் அரைஹஜார் வட்டாரத்தில் 25 சதுர கிலோமீட்டருக்குள் சுமார் 6,000 கிணறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, ஒரே தெருவில் விஷக் கிணறும் நல்ல கிணறும் அடுத்தடுத்து இருந்தன. நிறப் பரப்பு காட்டிய மென்மை மண்ணுக்கடியில் இல்லை. எந்தக் கோட்டத்துக்கு முதலில் சோதனைக் கருவிகளை அனுப்புவது என்ற முடிவுக்கு நாட்டு வரைபடம் நன்றாகவே உதவும். எந்தக் குழாயில் குழந்தைக்குத் தண்ணீர் பிடிப்பது என்ற முடிவுக்கு உதவவே உதவாது. அந்த முடிவுக்காக ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆர்சனிக் மிகுந்த குழாய்க்குச் சிவப்பு, பயன்படுத்தலாம் என்பதற்குப் பச்சை என்று குழாயின் மேலேயே வண்ணம் அடித்தார்கள். அந்தச் சிவப்பும் பச்சையும் காட்டியதை எந்த வரைபடமும் காட்டியிருக்க முடியாது.

பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதும் முக்கியம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் உயரப் பிழை பெரும்பாலும் ஒரே திசையில்தான் இருக்கும். ஒரு தோப்பு முழுவதும் உயர்த்திக் காட்டப்படும், ஒரு ஏரிக்கரை முழுவதும் தாழ்த்திக் காட்டப்படும். கட்டம் கட்டமாகத் தனித்தனியே வாய்ப்புக் கணக்குப் போட்டால் கரை எங்கே உடையும் என்பது தெரியாது. சார்ல்ஸ் எல்ஷ்லேகர், ஆஷ்டன் ஷார்ட்ரிட்ஜ், மைக்கேல் குட்சைல்ட் மூவரும் 1997இலேயே இதற்கு ஒரு வழி காட்டினார்கள்: சமமாக நடக்கக்கூடிய பல நிலப்பரப்புகளைக் கணினியில் உருவாக்கி, அசைபடமாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவது. எல்லாப் படங்களிலும் நனைகிற தெரு எது, பத்தில் நாலில் நனைகிற தெரு எது என்பது பார்க்கும்போதே மனதில் பதிந்துவிடும். கூட்டத்தில் காட்டுவதற்கு இது நல்லது. கோப்பில் சேர்த்து ஒப்புதலுக்கு அனுப்புவதற்கு ஒத்துவராது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருவோம். மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் கட்டங்களாக மலையைப் பிரித்து மதிப்பெண் இட்டு, தாலுகா வாரியாக மூன்று சூழல் நுட்ப மண்டலங்களைச் சொன்னது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கிராமம் வாரியாகப் பார்த்து, 37 சதவீதப் பரப்பை, அதாவது சுமார் 60,000 சதுர கிலோமீட்டரைச் சூழல் நுட்பப் பகுதி என்றது. அதே மலைதான், அலகு மாறியதும் வரைபடமே மாறிவிட்டது. காட்கில் குழு தன் மண்டலங்கள் தற்காலிகமானவை என்றும், கிராம சபைகளோடு பேசித்தான் இறுதி எல்லை வகுக்க வேண்டும் என்றும் எழுத்தில் சொல்லியிருந்தது. வரைபடத்திலோ நிறங்கள் திட்டவட்டமாக இருந்தன. எழுத்தைப் படித்தவர்கள் சிலர். நிறத்தைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தங்கள் வீடும் தோட்டமும் பறிபோய்விட்டதாக இடுக்கியிலும் வயநாட்டிலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ‘தற்காலிகம்’ என்ற சொல் வரைபடத்தின் உள்ளேயே, நிறத்தின் மேலேயே இருந்திருந்தால் அந்த விவாதம் வேறு மாதிரி நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைக்கு மேலே சரிந்த நிலத்தின் பரப்பு, தேசியத் தொலையுணர்வு மையத்தின் கணக்குப்படி, 86,000 சதுர மீட்டர். காட்கில் குழுவின் ஒரு கட்டத்தில் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சேறும் பாறையும் ஆற்றுவழியே 8 கிலோமீட்டர் கீழே ஓடிவந்துதான் வீடுகளை வாரியது. வழக்கமான நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்கள் மண் எங்கே பெயரும் என்று காட்டுகின்றன. பெயர்ந்த மண் எங்கே போய் நிற்கும் என்பது வேறு கணக்கு. அதற்குத் தனி மாதிரி வேண்டும். முதல் வரைபடத்தில் வெளிர் நிறத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு ஊரின் ஆபத்து, அந்த இரண்டாவது வரைபடத்தில்தான் தெரியும். நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் என்று நம் மலை ஊர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

முடிவெடுப்பதைத் தள்ளிப்போடாமல் நிச்சயமின்மையோடு வாழ முடியும் என்பதற்கு லண்டன் காட்டிய வழி குறிப்பிடத்தக்கது. தேம்ஸ் முகத்துவாரத்துக்கு 2100 வரையிலான திட்டத்தை 2012இல் வெளியிட்டபோது, கடல் எவ்வளவு உயரும் என்பதற்கு ஒரே எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவிலிருந்து, உச்ச நிலையில் 2.7 மீட்டர் வரை வைத்துக்கொண்டு, எந்த நடவடிக்கை எந்த மட்டம் வரை போதும், அதற்குப் பிறகு எந்தப் பாதைக்கு மாற வேண்டும் என்று கிளைகளாக வரைந்தார்கள். கடல்மட்டம், கரைகளின் நிலை போன்ற பத்துக் குறிகாட்டிகளைத் தொடர்ந்து அளக்கிறார்கள். 2023 மறுபார்வையில் மேற்பகுதிக் கரைகளை உயர்த்தும் காலக்கெடுவை 2065இலிருந்து 2050க்கு முன்னே இழுத்தார்கள். நெதர்லாந்தின் மார்யோலைன் ஹாஸ்னூட் 2013இல் வகுத்த தகவமைப்புப் பாதைகள் முறையும் இதே வழியில்தான் போகிறது. மெட்ரோ ரயில் வரைபடம் போல நிலையங்களும் மாறும் இடங்களும் கொண்ட ஒரு படம். அங்கே வரையப்படுவது எதிர்காலத்தின் ஒரே உருவம் அல்ல, முடிவுகளின் வரிசை.

நம் கடற்கரைக்கு இது எட்டாத தூரத்தில் இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைக்காக இந்திய நில அளவைத் துறை ஒரு அபாயக் கோட்டை வரைந்திருக்கிறது. நீர்மட்ட ஏற்ற இறக்கம், கடல்மட்ட உயர்வு, கரை அரிப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட கோடு. கடற்கரை மேலாண்மை வரைபடங்கள் 1:25,000 அளவில் வருகின்றன. அந்த அளவில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 12.5 மீட்டர் அகலம். மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கரைக்கு 2019 அறிவிக்கை விதிக்கும் கட்டுமானத் தடை அகலமே, உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர்தான். தடைப் பட்டையில் கால்வாசியைக் கோட்டின் மையே விழுங்கிவிடுகிறது. மீனவர் குப்பத்தில் கடைசி வரிசை வீடு உள்ளேயா வெளியேயா என்ற சண்டை அந்தக் கால்வாசிக்குள்தான் நடக்கிறது.

ஊர் அளவிலான வரைபடம் சுமார் 1:4,000 அளவில் வரும்போது அதே கோடு 2 மீட்டராகச் சுருங்கும். அங்கே கோடு மெலிந்தாலும் அடியில் உள்ள அளவீட்டின் பிழை மெலிவதில்லை. மெல்லிய கோடு கூடுதல் துல்லியம் இருப்பதாக ஒரு தோற்றத்தைத் தருகிறது, அவ்வளவுதான். உயர் அலைக் கோட்டுக்குச் சட்டப் பொறுப்பு இருப்பதால் அதைக் கோடாகவே வரைந்தாக வேண்டும். அபாயக் கோட்டின் நிலை வேறு. 2019 அறிவிக்கை அதைக் கட்டுமான அனுமதிக்கான எல்லையாக வைக்காமல், பேரிடர் மேலாண்மைக்கும் தகவமைப்புத் திட்டமிடலுக்குமான கருவியாகவே வைத்திருக்கிறது. அனுமதி மறுக்கும் வேலை இல்லாத அந்தக் கோட்டை, உள்ளே நிச்சயம், வெளியே நிச்சயம், நடுவே சொல்ல இயலாத பட்டை என்று மூன்றாகப் பிரித்து, ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதி, எந்த ஆண்டின் உயர அளவீடு, பிழை எத்தனை சென்டிமீட்டர் என்பதைத் தாளின் முகப்பிலேயே அச்சிட்டு ஒவ்வொரு கடலோரக் கிராம சபைக்கும் கொடுக்கலாம். நடுப்பட்டையில் வரும் பள்ளிக்கூடத்தையும் புயல் காப்பகத்தையும் முதலில் அளந்து பார்க்கச் சொல்லி அந்தச் சபையே தீர்மானம் போட முடியும்.